யார் பேசுவது? – சிசு வைத்திய அறவியலின் ஒரு வரலாற்றுக் கட்டம்

உயிருக்குப் போராடும் சிசு தன் விருப்பத்தைத் தானே உரைக்க வல்லதன்று. எனவே, அதன் பொருட்டுப் பேசுதற்குரியோர் யாவர் என்னும் வினா வைத்திய அறவியலின் வரலாற்றிலே தனியிடம் பெறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1973 தொடக்கம் 1986 வரை இவ்வினா எதிர்கொள்ளப்பட்ட முறை ஆராயத்தக்கது.

1973 இல், யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வைத்தியசாலையில் நிகழ்ந்த 299 சிசு மரணங்களுள் 43, சிகிச்சையைத் தவிர்த்தமையோடு தொடர்புடையவை என டவ், காம்பெல் என்னும் வைத்தியர் இருவர் வெளிப்படையாக எழுதினர். நெடுநாள் நிலவிய மௌனம் இதனாற் கலைந்தது. முடிவெடுக்கும் பொறுப்பு பெற்றோரையும் அவர்தம் வைத்தியரையுமே சாரும் என்பது அவர்கள் துணிபு.

ஆயின், வைத்தியரே தம்முள் மாறுபடின் யாது செய்வது? 1982 ஏப்பிரலில் இந்தியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில், டௌன் குறைபாட்டுடனும் வயிற்றோடு இணையாத உணவுக்குழாயுடனும் ஓர் ஆண்சிசு பிறந்தது. சத்திரசிகிச்சை வேண்டும் என்றனர் ஒரு சாரார். செய்யாதும் விடலாம் என்றார் மகப்பேற்று வைத்தியர். பெற்றோர் பின்னதையே ஏற்றனர். நீதிமன்றமும் அவர்தம் உரிமையை ஏற்றது. ஆறு நாட்களிற் சிசு இறந்தது.

இதன் விளைவாக, 1983 மார்ச்சில் மத்திய அரசாங்கம் ஒரு விதியை ஆக்கியது. ஊனமுற்ற சிசுக்களுக்கு உணவும் சிகிச்சையும் மறுத்தல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது என்னும் அறிவித்தல், முறையிடுதற்கான தொலைபேசி இலக்கத்தோடு, சிசுப் பராமரிப்பு விடுதிகளில் ஒட்டப்படல் வேண்டும் என்பதே அது. அடுத்த மாதமே நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று.

தாதியருக்கும் மனச்சாட்சி உண்டென்பதை அவ்விதி ஏற்றமை அதன் சிறப்பு. எனினும், அருகே நிற்கும் வைத்தியரிடம் கூறவியலாத ஐயத்தைத் தொலைவிலுள்ள அதிகாரியிடம் கூறவே அது வழிவகுத்தது. உடன் பணிபுரிவோரிடையே உரையாடலை அது வளர்க்கவில்லை. ஒருவரையொருவர் ஐயுறும் நிலைக்கே இடமளித்தது.

1984 சனவரியில் வெளியான திருத்திய விதி வேறொரு வழியையும் சுட்டிற்று. வைத்தியசாலைகள் தமக்குள்ளேயே சிசுப் பராமரிப்பு மீளாய்வுக் குழுக்களை அமைத்தலே அவ்வழி. 1986 இல் உயர் நீதிமன்றம் அவ்விதியின் கட்டாயப் பகுதிகளைச் செல்லாவென்று தீர்ப்பளித்த பின்னரும், குழு என்னும் கருத்து நிலைபெற்றது.

சட்டம் வைத்தியரின் கையைத் தடுக்கலாம். பிறர் நாவைத் திறக்க அதனால் மட்டும் இயலாது. இரவெல்லாம் விழித்திருந்து சிசுவின் மூச்சை எண்ணும் தாதி, அச்சமின்றித் தன் கருத்தைக் கூறவும் அது செவிமடுக்கப்படவும் இடமுண்டாயின், அங்கேதான் குழு பயனுடையதாகும். இன்றேல், பழைய மௌனமே புதிய மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும்.