திப்புவின் வாளில் ஓர் ஓவியப் பாடம்

பள்ளியில் ஓவிய வகுப்பு என்றதும் நம் வீடுகள் பலவற்றில் ஒரு தயக்கம் எழுகிறது. உயிருள்ளவற்றை வரையலாமா என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. பிள்ளையின் கையிலிருந்து வண்ணப் பென்சிலும் போய்விடுகிறது. அந்தச் சட்ட விவாதத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. உயிருருவம் இல்லாமலே வரைந்து பழக ஏராளமாக இருக்கிறது. அதற்கு நல்ல இடம் அருங்காட்சியகங்களின் ஆயுதக் கூடம்.

ஆயுதமா என்று முகம் சுளிக்க வேண்டாம். வெட்டும் முனையை விட்டுவிட்டு, கைப்பிடியையும் கேடயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மைசூரின் திப்பு சுல்தானுடைய ஆயுதங்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றில் புலித்தலைகளும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வருவது 'பப்ரி' எனும் புலிவரி. பாரசீகத்தில் 'பப்ர்' என்றால் புலி. நடுவில் தடித்து, இரு முனையும் கூர்ந்து, சற்றே வளைந்த ஒரு கோடு, அவ்வளவுதான். வாள், துப்பாக்கி, படைவீரர் சீருடை, அரியணை என எங்கும் அந்த ஒரே கோட்டைப் பதித்தார்கள். புலியை வரையாமலே அது புலியை நினைவூட்டியது. ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அந்த வரியைச் செதுக்கி, வண்ணம் தொட்டுத் தாளில் வரிசையாக அச்சிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரிந்துவிடும்.

இன்னொன்று எழுத்து. ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரான 'அஸதுல்லாஹ்' என்பதைக் கொண்ட அரபுத் தொடரைப் புலிமுகம் போல வளைத்து எழுதிய முத்திரையைத் திப்புவின் ஆயுதங்களில் காணலாம். இறைவனின் பெயர் அடங்கியதால், அதைப் பிள்ளைகள் வரைந்து கசக்கி எறிவது முறையல்ல. தம் பெயரைத் தமிழிலோ அரபியிலோ எழுதி, இலையாகவோ படகாகவோ வளைக்கட்டும்.

கணக்குப் பாடமும் இதில் இருக்கிறது. நம் நாட்டு வட்டக் கேடயங்களின் முகப்பில் பெரும்பாலும் நான்கு குமிழ்கள் இருக்கும். அவை வெறும் அலங்காரமல்ல. உள்ளே கைப்பிடியைத் தாங்கும் வளையங்களின் ஆணிகளை அவை மறைக்கின்றன. காம்பஸால் வட்டமிட்டு, நான்காகப் பிரித்து, குமிழ்களுக்கு இடையே கொடியும் பூவும் நிரப்பச் சொல்லுங்கள்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது இந்தப் பொருள்களில் பெரும்பகுதி கொள்ளைபோனது. இன்று பல லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பிலும் உள்ளன. திப்புவின் வாள் ஒன்று 2023-இல் லண்டன் ஏலத்தில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு விலைபோனது. அவற்றை நேரில் காண நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நல்லவேளையாக, அருங்காட்சியகத் தளங்களில் தெளிவான படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையில் இருப்போருக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய வாள்களும் கேடயங்களும் உண்டு.

மைசூர்ப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள், திப்பு தம் பெற்றோருக்காகக் கட்டி, பின்னர் தாமும் அடங்கிய கும்பஸுக்குள் நுழையும்போது உட்சுவரைக் கவனியுங்கள். அதே புலிவரி அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருங்கள்.