வயிற்றுச் செதிலில் ஒரு வெட்டு

வயல் வரப்பில் ஒரு வளை. நம் கண்ணுக்கு அது வெறும் பொந்து. இருளர் ஒருவர் அதன்முன் குந்தி உட்கார்ந்தால், முதலில் அதன் வாயில் சிலந்தி வலை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் எழுந்து நடையைக் கட்டிவிடுவார். அந்த வழியாக இரவில் எதுவும் போய்வரவில்லை என்று அர்த்தம். வலை இல்லையென்றால் பார்வை அடிமண்ணுக்கு இறங்கும். எலி ஓடிய மண் பொடிப்பொடியாக இருக்கும். பாம்பின் வயிறு உரசிப் போன மண் மெழுகிய திண்ணைபோல வழவழவென்று இருக்கும். அருகில் உரித்த சட்டை கிடந்தால் எடுத்து விரலால் நசுக்குவார். காய்ந்து நொறுங்காமல் துணிபோல் நெகிழ்ந்தால், பாம்பு பக்கத்தில்தான் இருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகுதான் கடப்பாரை மண்ணில் இறங்கும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக் கொல்லைகளிலும் புதர்க்காடுகளிலும் காலங்காலமாக நடந்துவருகிற காரியம் இது. பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்களே விஷமுறிவு மருந்து, அதன் பயணத்தின் முதல் அடி இந்த வளையின் வாயில்தான். குதிரையும் தொழிற்சாலையும் குளிர்பெட்டியும் பிறகு வருபவை. இந்தியாவில் இந்த மருந்தைச் செய்யத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், வடநெம்மேலியில் இருக்கும் ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அதன் பெயர் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம்.

விஷத்துக்கு முன்னால் இதே கைகளிலிருந்து இதே வழியில் வேறொன்று போய்க்கொண்டிருந்தது. பாம்புத் தோல். இருளர் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல் சென்னைத் தோல் வியாபாரிகளிடம் போய், பதனிடப்பட்டு, வெளிநாட்டில் கைப்பையாகவும் செருப்பாகவும் இடுப்பு வாராகவும் ஆனது. பிடித்தவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பாம்புகளுக்கு அது பெரிய விடுதலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கையெழுத்தில் ஒரு சமூகத்தின் தொழில் முழுவதும் குற்றமாகிப்போனது. தாத்தனிடமிருந்து தகப்பனுக்கும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும் வந்த அறிவு, மறுநாள் காலையிலேயே கைது செய்யப்படத் தக்க செயலாக மாறிவிட்டது. நிலம் இல்லாதவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போனார்கள். முன்பணம் வாங்கிக் கடனில் சிக்கி அங்கேயே கட்டுண்டு போனவர்களும் உண்டு.

கிண்டியில் பாம்புப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேக்கர், பாம்பைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி இருளர் பின்னால் நடந்து கற்றதுதான். அவரும் இருளர்களும் சேர்ந்து யோசித்ததன் பலனாக 1978-ல் சங்கம் பதிவானது. யோசனை எளிமையானது. பாம்பைக் கொன்றால் ஒரு தோல், அதோடு சரி. உயிரோடு வைத்து விஷம் எடுத்தால் பாம்பும் பிழைக்கும், பிடித்தவரும் பிழைப்பார், கடிபட்டவரும் பிழைப்பார். சொல்லக் கேட்டால் சுலபம். கொல்வதற்காகப் பிடித்துப் பழகிய கையை விடுவதற்காகப் பிடிக்கப் பழக்குவது சுலபமா? அதைச் செய்து காட்டினார்கள்.

பாம்பு வேட்டைக்குத் துணையோடு போவதுதான் வழக்கம். பெரும்பாலும் இரண்டு பேர். பல சமயம் அது புருஷன் பெண்சாதி. ஒருவர் தோண்டுவார், இன்னொருவர் பையை விரித்துக்கொண்டு நிற்பார். வாலைப் பிடித்துத் தூக்கும் நொடியில் பை சரியான உயரத்தில் இருக்கவேண்டும். அந்த உயரத்தை வாயால் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் இந்தத் தொழிலில் நட்பு என்பது பேச்சில் இருப்பதைவிட, பை பிடித்து நிற்கிற கையில் அதிகம் இருக்கிறது. பாம்பு அகப்படாத நாளில் எலி வளை அகப்படும். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லை வாரிக்கொண்டு, எலியையும் பிடித்துவந்து பங்கு போட்டுக்கொள்வார்கள். வெறுங்கையோடு திரும்பியவர் வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரியும். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் இருளர் குடும்பங்கள் கன்னியம்மனைக் கும்பிட அங்கே கூடுகின்றன. மணலில் புடவையையும் வேட்டியையும் கட்டி நிழல் செய்துகொண்டு இரவு தங்குகிறார்கள். விடியலில் அலையோரம் பூசை. பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அந்த மணலிலேயே நடக்கும். எந்த ஊர்ப் பக்கம் எப்படி மழை, எலி எங்கே பெருத்திருக்கிறது என்ற பேச்சும் அங்கேதான் கைமாறுகிறது.

நம் பயணம் பையிலிருந்து பானைக்கு வருகிறது. சங்கத்துக்கு நான்கே இனங்கள் வேண்டும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எந்த இனத்தில் எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதியில் எழுதிக் கொடுக்கும். அனுமதி தாமதமானால் பானைகள் காலியாகக் கிடக்கும், பிடிக்கிறவர் வீட்டுப் பானையும்தான். கொண்டுவந்த பாம்புக்கு இனவாரியாக விலை. வந்த பாம்பை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் வேடு கட்டிவிடுகிறார்கள். மண்பானை வெயில் காலத்திலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். வளைக்குள் இருப்பதைப் போன்ற இருட்டும் கிடைக்கும். பாம்புக்கு வேறென்ன வேண்டும்?

விஷம் எடுப்பதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பாம்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கண்ணாடிக் குடுவையைப் பார்க்கச் சொல்வேன். குடுவையின் வாயில் மெல்லிய சவ்வு இழுத்துக் கட்டியிருக்கும். கண்ணாடி விரியனின் தலையைப் பிடித்து அந்த விளிம்பில் வைத்ததும், இரண்டு நீண்ட பற்களும் சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு பல்லின் நுனியில் மஞ்சளாக ஒரு துளி திரளும். திரண்டு, கனத்து, கண்ணாடியில் வழிந்து இறங்கும். தண்ணீர்போல் ஓடாது. நல்லெண்ணெய்போல் கொஞ்சம் சோம்பி இறங்கும். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடிய பொருள் குடுவையின் அடியைக்கூட மூடுவதில்லை. சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் இன்னும் கஞ்சம். உலர்ந்த பிறகு சில மில்லிகிராம்தான் தேறும். அதனால்தான் ஒரு கிராம் சேர்க்க அத்தனை நடை, அத்தனை வளை.

இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. விஷம் ஒரு பக்கம் போகிறது, பாம்பு இன்னொரு பக்கம். வாரம் ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுத்ததும், ஏறக்குறைய ஒரு மாதத்தில், பாம்பைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன வெட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விஷத்தை உறையவைத்து, அந்த உறைநிலையிலேயே ஈரத்தை உறிஞ்சி எடுத்தால் பொடியாகிறது. பனங்கற்கண்டைத் தூளாக்கியதுபோல் மஞ்சள் பளபளப்பு. இந்தப் பொடி ஹைதராபாத், புனே, மும்பைப் பக்கத்து மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகள். 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் போன்றவர்கள் கண்ட வழிதான் இன்றைக்கும். விஷத்தைக் குதிரைக்கு மிக நுண்ணிய அளவில் ஊசி போட்டு, மாதக்கணக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அதன் ரத்தத்தை எடுத்து, நீர்ப்பகுதியைப் பிரித்து, சுத்திகரித்து, மறுபடியும் உலர்த்தி, குப்பியில் அடைத்தால் மருந்து. பத்து மில்லி நீரில் கரைக்கும் ஒரு குப்பி, நல்ல பாம்பிலும் கண்ணாடி விரியனிலும் ஆறு ஆறு மில்லிகிராம் விஷத்தையும், மற்ற இரண்டிலும் நாலரை நாலரை மில்லிகிராமையும் முறிக்கவேண்டும் என்பது கணக்கு. பாம்பு ஒரே கடியில் இதைவிடப் பல மடங்கு இறக்கக்கூடும். அதனால்தான் தொடக்கத்திலேயே எட்டுப் பத்துக் குப்பி தேவைப்படுகிறது.

பயணம் முடிகிற இடம் ஒரு வட்டார அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் அறுக்கப் போன பெண் காலைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். என்ன பாம்பு என்று அவளுக்குத் தெரியாது. அங்கே ஒரு சோதனை உண்டு. அதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம் நிறுத்திவைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். நல்ல ரத்தம் கட்டியாக உறைந்து நிற்கும். விரியன் விஷம் ஏறிய ரத்தம் தண்ணீராக வழியும். அப்படி வழிந்தால் உடனே குப்பிகள் உடையும். கட்டுவிரியன் கதையே வேறு. தரையில் படுத்துத் தூங்குகிறவரை நள்ளிரவில் கடிக்கும். கடித்த இடம் வலிக்காது, தடம்கூடத் தெரியாது. விடியலில் வயிற்று வலி என்பார்கள், அப்புறம் இமை தொங்கும், மூச்சு தடுமாறும். பூச்சிக்கடி என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் இதை உலகம் புறக்கணித்த நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்ற அறிவிப்பு 2024-ல் வந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது. செங்கல்பட்டுக் கண்ணாடி விரியனின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து, வேறு மாநிலத்துக் கண்ணாடி விரியனின் கடிக்கு அதே வேகத்தில் கேட்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைச் சிலர் இருளர் சங்கத்தின் குறைபோலப் பேசுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரே ஒரு மூலையில் வாழும் ஒரே ஒரு சமூகத்தின் தோளில் நாடு முழுவதையும் ஏற்றிவைத்தது யார்? மற்ற மாநிலங்களிலும் இதுபோல் சங்கங்கள் பிறந்திருக்க வேண்டும். அங்கேயும் மண்ணை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். நான்கு பாம்புகளின் பெயர் இருக்கும், கம்பெனியின் பெயர் இருக்கும், தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். வளையின்முன் குந்தி உட்கார்ந்தவரைப் பற்றி ஒரு சொல் இருக்காது. எனக்கு இது உறுத்துகிறது. அவர் செய்ததும் இந்த மருந்தின் ஒரு பாகம். அந்தப் பாகத்தை எந்த ஆய்வுக்கூடத்திலும் தயாரிக்க முடியாது.

முடியாது என்பதை அமெரிக்காவே ஒருமுறை பார்த்தது. ஃப்ளோரிடாவின் சதுப்புநிலங்களில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, அங்குள்ள முயலையும் ரக்கூனையும் அழித்துக்கொண்டிருந்தது. 2017 தொடக்கத்தில் ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகம் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களை அழைத்தது. அவர்கள் அதுவரை பார்த்திராத மண், பார்த்திராத புதர். கையில் சிறிய இரும்புக் கம்பி. முதல் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகள். அவற்றில் ஒன்று பதினாறு அடிப் பெண் பாம்பு. அங்கேயும் இருவராகத்தான் நடந்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ராஷ்டிரபதி பவனில் அவர்கள் நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இனி அந்த வெட்டு. விஷம் குதிரைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், பாம்பு தன் இடத்தில் தவளையையோ எலியையோ பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். வயிற்றின் அகன்ற செதில்களில் ஒன்றின் ஓரத்தில் கத்தரித்த அடையாளம் இருக்கும். சட்டை உரிக்க உரிக்க அந்த வெட்டு மெல்ல மெல்ல ஆறி மங்கும். அது மறைவதற்குள் அதே பாம்பு வேறொரு வேட்டைக்காரரின் கண்ணில் படலாம். அவரும் சிலந்தி வலையைத் தேடுவார், மண்ணைப் பார்ப்பார், தோண்டுவார், வாலைப் பிடித்து இழுப்பார். பை விரித்து நிற்கும் துணை இன்னும் பையை நீட்டமாட்டார். பிடித்தவர் வாலைச் சற்றே திருப்பி, முதலில் வயிற்றைப் பார்ப்பார். அங்கே வெட்டு இருந்தால், இன்னொரு வேட்டைக்காரர் இதை முன்பே பிடித்து, விஷம் கொடுக்கவைத்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பிடி தளரும். பாம்பு புதருக்குள் போய்விடும். இருவரும் பையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வரப்புக்கு நடப்பார்கள்.