பரப்பா, அமைவிடமா? மாத்தளையின் ஈரநிலங்களும் காணிப் பிரிப்புக்கான சுற்றாடல் மதிப்பீட்டின் வரலாறும்

மாத்தளை மாவட்டத்தின் ஈரநிலங்கள் பெரும்பாலும் சிறியவை. தெற்கே உக்குவெல, யட்டவத்தை பக்கம் மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் வயல்பள்ளங்கள். வடக்கே தம்புள்ளை, கலேவெல பக்கம் கிராமக் குளங்கள், அவற்றின் நீரேந்து பகுதிகள், குளக்கட்டுக்குக் கீழே கசிவுநீர் தேங்கும் பற்றை நிலங்கள். இவற்றில் பல சில ஏக்கர்களைத் தாண்டுவதில்லை. வீட்டுக் காணிகளாகத் துண்டாடி விற்பதற்கு இவ்வளவு பரப்பே போதும். இலங்கையின் சுற்றாடல் மதிப்பீட்டுச் சட்டமோ இத்தகைய நிலத்தைக் காணத்தக்க விதத்தில் வளரவில்லை. ஒரு திட்டம் எவ்வளவு பெரியது என்பதையே அது முதலில் கேட்கிறது. எங்கே அமைகிறது என்பதை இரண்டாவதாக, அதுவும் அரைகுறையாகக் கேட்கிறது. இந்த வரிசை எவ்வாறு உருவானது, அதை ஏன் மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஈரநிலத்தை ஒட்டிய சிறு காணிப் பிரிப்பை அதன் அமைவிடத்தைக் கொண்டே பரிசீலிக்க வேண்டும். அந்தப் பரிசீலனை வீடு எழும்பும் கட்டத்தில் அன்றி, நில அளவைப் படம் அங்கீகாரத்துக்கு வரும் கட்டத்திலேயே நடக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

குளக்கிராமம் கற்றுத்தரும் பாடம்

உலர் வலயத்தின் குளம் நீர் நிற்கும் பள்ளத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதன் மேற்புறத்தில் காற்றையும் ஆவியாதலையும் தணிக்கும் மரவரிசை உண்டு. சிங்களக் கிராமங்களில் அதைக் கஸ்கொம்மன என்பர். வண்டலை வடிகட்டும் புல்வெளிக்குப் பெரஹன என்று பெயர். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில் உப்பையும் கசிவுநீரையும் உறிஞ்சும் செடிகொடிகள் நிறைந்த நிலம் கட்டக்கடுவ. இந்தப் பகுதிகளுள் ஒன்றை அழித்தால் நீர் உடனே வற்றிவிடாது. குளம் மெல்லத் தூர்ந்துபோகும், வயலில் உப்பு ஏறும். ஒரே சிற்றோடையின் நீரைத் தேக்கியும் கடத்தியும் ஒன்றுக்கொன்று கொடுத்துவாழும் குளங்களின் தொடரைப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் ஓர் ஒற்றை அமைப்பாக விளக்கினார். மேலே உள்ள குளத்திலிருந்து வெளியேறும் நீரே கீழே உள்ள குளத்தின் வருநீர் என்பதால், தனித்தனிக் குளத்தின் கணக்கு எப்போதும் குறையுள்ள கணக்காகவே இருக்கும். சிறு நிலத்தின் பெறுமதியை அதன் பரப்பு சொல்லாது, தொடரில் அது வகிக்கும் இடமே சொல்லும் என்ற அறிவு இவ்வாறு கிராம வழக்கிலும் ஆய்விலும் நிலைபெற்றிருந்தது. சட்டம் எடுத்துக்கொண்ட வழி வேறு.

சட்டங்கள் தனித்தனியே வளர்ந்த விதம்

காணிப் பிரிப்பை ஒழுங்குபடுத்திய முதல் முக்கியச் சட்டம் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். கொள்ளைநோய் அச்சம் நிலவிய காலத்தில் பிறந்த அது தெருவின் அகலம், காற்றோட்டம், கழிவகற்றல் ஆகியவற்றைக் கவனித்தது. வெள்ளத்தைக் கவனிக்க 1924இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், நகரத் திட்டமிடலுக்கு 1946இல் இன்னொன்றும், அரச காணிகளுக்கும் பொது ஓடைகளுக்கும் 1947இல் மற்றொன்றும், மண்ணரிப்புக்கு 1951இல் வேறொன்றும் வந்தன. வயல் நிலத்துக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் தொடங்கி, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை தனியொரு சட்டமரபு உருவாயிற்று. வயலை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்ற விதி இந்த மரபின் பயன். ஆனால் அதன் மைய அக்கறை நெல் உற்பத்தி. நிலம் மழைநீரைத் தேக்கிவைக்கும் தொழில் அதன் முதன்மைக் கவலையாக இருக்கவில்லை. ஒவ்வொரு திணைக்களமும் நிலத்தின் ஒவ்வொரு முகத்தைக் காத்தது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் ஒருசேரப் பார்க்கும் கடமை எவருக்கும் வாய்க்கவில்லை.

அந்தக் கடமையை ஏற்கத்தக்க சட்டம் 1980இல் வந்தது. 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையை நிறுவியது. 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எனினும் எந்தெந்தத் திட்டங்களுக்கு அது பொருந்தும் என்ற பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானியில்தான் வெளியாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டின் மிகக் கடுமையான சுற்றாடல் விவாதங்களுள் ஒன்று மாத்தளை மாவட்டத்திலேயே வெடித்தது.

கண்டலம: ஒரு விவாதம் விட்டுச்சென்றது

தம்புள்ளைக்கு அருகே கண்டலமக் குளத்தின் கரையோரக் குன்றில் ஹோட்டல் கட்டும் திட்டத்துக்கு 1992இல் பௌத்த பிக்குகளும் சுற்றாடல் அமைப்புகளும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். குளத்து நீர் மாசுபடும், காடு அழியும், தம்புள்ளை விகாரையின் புனிதம் கெடும் என்பவை அவர்களது அச்சங்கள். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த அக்கட்டடம் தூண்களின்மேல் உயர்த்தப்பட்டு, குன்றிலிருந்து இறங்கும் மழைநீர் அடியால் ஓடிக் குளத்தைச் சேர இடம்விட்டது. 1994இல் திறக்கப்பட்ட அது பின்னாளில் பசுமைக் கட்டடத்துக்கான சர்வதேசச் சான்றிதழையும் பெற்றது. எதிர்த்தவர்கள் தோற்றார்கள் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. அவ்வளவு பேர் அவ்வளவு உன்னிப்பாக நோக்கிய ஒரு திட்டத்தில், நீர் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் எவராலும் நகர முடிந்திருக்காது. பொதுப் பரிசீலனை கட்டுமானத்துக்கு எதிரி என்ற கருத்தையும் இந்த நிகழ்வு தாங்கி நிற்கவில்லை. வருந்தத்தக்கது என்னவெனில், இந்தக் கவனம் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கிடைத்ததே ஒழிய, அதே நீரேந்து பகுதிகளில் ஒவ்வொன்றாக எழும் வீட்டுத் தொகுதிகளுக்கு அதற்கான வழி அமையவில்லை.

1993 வர்த்தமானி அந்த வழியை அடைத்தது எனலாம். ஈரநிலத்தை நிரப்புவதானால் 4 ஹெக்டேயருக்கு மேல். வீடுகள் கட்டுவதானால் 1000 அலகுகளுக்கு மேல். வீடு, தொழில், வணிகம் கலந்த அபிவிருத்தியானால் 10 ஹெக்டேயருக்கு மேல் என அளவெல்லைகள் விதிக்கப்பட்டன. இவற்றைக் கையில் எடுத்துக் கணக்கிட்டால் நிலைமை விளங்கும். 4 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 1,580 பேர்ச்சஸ். பாதைக்கும் பொதுவெளிக்கும் பத்தில் மூன்று பங்கை ஒதுக்கினாலும், 10 பேர்ச்சஸ் வீதம் 110 வீட்டுக் காணிகள் தேறும். 110 குடும்பங்களின் கிணறுகளும் மலக்குழிகளும் ஒரே பள்ளத்தில் அமையலாம்; அளவெல்லை தாண்டப்படவே மாட்டாது. 10 பேர்ச்சஸ் காணி சதுரமாக இருந்தால் பக்கம் சுமார் 16 மீற்றர்தான். வீடு போக எஞ்சும் இடத்தில், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் மண்ணில், கிணற்றையும் உறிஞ்சுகுழியையும் பாதுகாப்பான தூரத்தில் பிரித்துவைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். வெள்ளத்தின் கணக்கும் இதே போன்றது. வரம்பு கட்டிய ஓர் ஏக்கர் வயலில் 15 சென்றிமீற்றர் நீர் நின்றால் அது சுமார் 600 கனமீற்றர், அதாவது 6 இலட்சம் லீற்றர். அந்த வயலை நிரப்பினால் அத்தனை நீரும் அடுத்த நிலத்தைத் தேடிப் போகும்.

இன்னொரு குறைபாடு இதைவிட ஆழமானது. பட்டியல் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. காணி பிரித்து விற்பவரோ வீடு கட்டுவதில்லை; வெறுந் துண்டுகளை விற்றுவிட்டு விலகுகிறார். பிறகு வாங்கிய ஒவ்வொருவரும் தத்தம் வசதிப்படி, வெவ்வேறு ஆண்டுகளில், ஒவ்வொரு வீடாகக் கட்டுகிறார்கள். மதிப்பிடத்தக்க ஒரு திட்டம் என்று எந்த நாளிலும் எதுவும் கண்முன் நிற்பதில்லை. உண்மையில் தீர்மானம் முடிந்துவிட்ட நாள், நில அளவையாளரின் படம் பிரதேச சபையில் அங்கீகாரம் பெற்ற நாளே. பாதை எங்கே ஏறுகிறது, வடிகால் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தத் துண்டு பழைய வாய்க்காலின் மீது விழுகிறது என்பவை எல்லாம் அந்தப் படத்தில் உறைந்துவிடுகின்றன. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு விதிகள் 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பிரிப்பில் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கச் சொன்னன. அந்த ஒதுக்கீடு நீர் வழியும் இடத்தில் அமைய வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்திருந்தால், அதே விதி ஈரநிலக் காப்பாகவும் பயன்பட்டிருக்கும்.

அமைவிடத்தை ஏற்ற தீர்ப்புகளும் நடைமுறைகளும்

பரப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வதன் போதாமையை ஐரோப்பிய நீதிமன்றம் 1999 செப்டெம்பர் 21இல் தெளிவாகச் சொன்னது. அயர்லாந்து தன் கரிச்சேற்று ஈரநிலங்களில் அகழ்வுக்கு 50 ஹெக்டேயர் போன்ற அளவெல்லைகளை மட்டும் வைத்திருந்தது. நிலத்தின் இயல்பையும் அமைவிடத்தையும் பல சிறு திட்டங்களின் கூட்டு விளைவையும் கருதாத அளவெல்லை, சட்டம் தந்த விருப்புரிமையை மீறுகிறது என்று அந்நீதிமன்றம் தீர்த்தது. இலங்கையிலும் இதற்கு இசைவான சிந்தனை வளர்ந்தது. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காப்பாளராக இருந்து பேண வேண்டும் என்றும், சுற்றாடல் மதிப்பீட்டைச் சுற்றிவளைத்துத் தவிர்க்க இயலாது என்றும் உணர்த்தியது. 2008 ஒக்டோபரில் வந்த ‘வோட்டர்ஸ் எட்ஜ்’ தீர்ப்பு, பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென அரசு சுவீகரித்த தாழ்நிலத்தைக் கோல்ஃப் மைதானத்துக்கும் அதைச் சார்ந்த தனியார் அபிவிருத்திக்கும் கொடுத்ததைக் கண்டித்தது. அது அரசு கையகப்படுத்திய காணி பற்றிய வழக்கு. தனியார் காணிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் தாழ்நிலத்தில் பொதுமக்களுக்கு ஓர் உரித்து உண்டு என்பதை அது நிலைநாட்டியது.

1993 வர்த்தமானியிலேயே தீர்வின் விதை இருக்கிறது. பொது ஏரி ஒன்றின் உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 100 மீற்றருக்குள்ளும், 25 மீற்றருக்கு மேல் அகலமான பொது ஓடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள்ளும் அமையும் பட்டியலிட்ட திட்டங்களுக்கு அளவெல்லை தேவையில்லை என்று அது விதித்தது. அமைவிடமே காரணமாகலாம் என்பதைச் சட்டம் அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் 25 மீற்றர் அகலம் என்ற நிபந்தனை மலைநாட்டின் ஒடுங்கிய ஓடைகள் பலவற்றை வெளியே தள்ளியது. நீர்த்தேக்கமற்ற வயல்பள்ளங்களும் அவ்வாறே விடுபட்டன.

எதிர்வாதங்கள்

முதலாவது எதிர்வாதம் ஏழைகளின் பெயரால் வருவது. 7 பேர்ச்சஸ் காணிக்கே நீண்டகாலம் காத்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் மாவட்டத்தில், வீட்டுக் காணிக்கு இன்னொரு தடையா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. ஆனால் பரிசீலனையின் பாரம் வாங்குபவர்மீது அன்றி, பிரித்து விற்பவர்மீதே விழ வேண்டும் என்பதுதான் இங்கே முன்வைக்கப்படுவது. இன்று பரிசீலனை இல்லாததற்கான விலையைக் கொடுப்பவர் வாங்கியவரே: உறுதியோடு கையில் வந்த காணியில் மாரியில் நீர் நிற்கும்போது, கிணற்று நீர் கெடும்போது, விற்றவர் அங்கே இருப்பதில்லை. மேட்டு நிலத்துக் காணிகளுக்கோ இந்த முறையால் எந்தத் தாமதமும் இல்லை.

இரண்டாவது, ஆளணி போதாது என்பது. மாத்தளை உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி 2011 முதல் கோரப்பட்டுவருகிறது. சரிவின் அபாயத்துக்காகத் தனி வீட்டையே அமைவிடம் பார்த்துப் பரிசீலிக்க முடியுமானால், பள்ளத்தின் அபாயத்துக்காக ஒரு பிரிப்புப் படத்தைப் பரிசீலிப்பது இயலாததன்று. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டில் வெள்ளத்தையும் மண்சரிவையும் ஒருசேரக் கொண்டுவந்தது; சரிவும் பள்ளமும் ஒரே நீரின் இரு முனைகள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, சட்டங்கள் ஏற்கெனவே போதும் என்பது. சட்டங்கள் பல என்பது உண்மை. ஆயினும் வயலாகப் பதியப்படாத கசிவுநிலம், கைவிடப்பட்டுப் பற்றையான வயல், குளத்தின் மேற்புறப் புல்வெளி ஆகியவை அந்தச் சட்டங்களுக்கிடையே விழுந்துபோகின்றன. நெல் விளையாத நிலம் நீரைத் தாங்காது என்று எந்த மழையும் ஒப்புக்கொள்வதில்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று மாற்றங்கள் பெறப்படுகின்றன. காணிப் பிரிப்பே ஒரு திட்டமாக வர்த்தமானியில் இடம்பெற வேண்டும். குளத்தின் நீரேந்து பகுதி, கட்டக்கடுவ, ஓடைக்கரை, வயல்பள்ளம் ஆகியவற்றைத் தொடும் எந்தப் பிரிப்பும் பரப்பு எதுவாயினும், முழு மதிப்பீட்டைவிடச் சுருக்கமான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அந்தப் பரிசோதனை தனிக் காணியோடு நில்லாமல், அதே நீரேந்து பகுதியில் முன்னர் அனுமதிக்கப்பட்ட பிரிப்புகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கத் திருத்தம் ஆரம்பப் பரிசோதனை அறிக்கைகளுக்கான பொதுமக்கள் கருத்துக்கோரலை நீக்கியது. குறைந்தபட்சம் அந்தந்தக் கமக்காரர் அமைப்பின் கருத்தாவது கேட்கப்பட வேண்டும். நீர் எந்த மட்டம் வரை ஏறும், எந்த வாய்க்கால் எப்போது நிரம்பும் என்பதை நேரில் அறிந்தவர்கள் அவர்களே. புதிய அதிகாரசபையோ பெருஞ்செலவோ இதற்குத் தேவையில்லை. பிரதேச சபை, கமநல சேவை நிலையம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஆகிய மூன்றும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். மாத்தளையின் ஈரநிலங்கள் சிறியவையாகவே இருக்கும். அவற்றைக் காக்கும் சட்டம் சிறியதைக் காணும் திறனைப் பெற்றாக வேண்டும்.