சிரிப்போடு நுழைந்த கித்தார்

திரைப்படத்தைச் சாராமல், கித்தாரையும் மேள அடுக்கையும் முதன்மையாகக் கொண்டு தமிழில் பாடப்பட்ட மெல்லிசையை இலங்கைத் தமிழர் ‘பொப்’ என்றும் தமிழ்நாட்டார் ‘பாப்’ என்றும் எழுதுவர். இவற்றுள் மூத்த வழக்கு இலங்கையினதே. ஏனெனில் தமிழ்நாட்டின் இசைத்தட்டுகளைத் திரைப்பாடல்கள் நிறைத்திருந்த 1960களின் பிற்பகுதியிலேயே, இலங்கையில் இவ்விசை தனக்கென்று பாடகர்களையும் கேட்போரையும் பெற்றுவிட்டது. அவ்வாறு பெற்றபோது அது காதலின் ஏக்கத்தையோ சமூகத்தின் மீதான சினத்தையோ மட்டும் துணையாகக் கொள்ளவில்லை. கேலியையும் குறும்பையும் முன்னிறுத்தியே மக்களிடம் சென்றது.

மேலைநாட்டு வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கு ராக் இசை பெருமேடைகளின் ஆரவாரமாக வளர்ந்து முற்றிய பின்னரே, அப்பகட்டிலிருந்து விலகிச் சிறு கூடங்களிலும் சிறு நிறுவனங்களின் வழியாகவும் இயங்கிய ‘மாற்று ராக்’ தோன்றியது. அதன் ஒரு கிளை நகைச்சுவையைக் கையில் எடுத்தது. 1982இல் நியூயார்க்கில் உருவான ‘தே மைட் பி ஜயன்ட்ஸ்’ என்னும் இரட்டையர் குழு, அக்கார்டியனையும் கித்தாரையும் இணைத்து 1990இல் வெளியிட்ட ‘ஃப்ளட்’ என்னும் இசைத்தொகுப்பு இதற்கு நல்ல சான்று. அங்கே சிரிப்பு, இறுகிப்போன இசைக்கு அளிக்கப்பட்ட மறுமொழி. தமிழிலோ அது புதிய இசை உள்ளே வருவதற்கான வாயில்.

அவ்வாயில் வழியே வந்தது முதன்மையாகப் பேச்சுத்தமிழ். மேடைக் கச்சேரியும் திரைப்பாடலும் பெரும்பாலும் எழுத்துநடை சார்ந்த தமிழையே ஏற்றிருந்த காலத்தில், வட்டார வழக்கைப் பாட்டில் வைத்தால் கேட்போர் நகைப்பர் என்ற அச்சம் இருந்தது. நகைப்பதே நோக்கமாகிவிட்ட பாடலில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் அது பிறக்கும் என்று வகுக்கிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலை. பொப் பாடல்களின் சுவையை விளக்க இந்நான்கில் எள்ளலும் இளமையும் பெரும்பாலும் போதுமானவை.

யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ இவ்வகையின் முதன்மை எடுத்துக்காட்டு. மாமியின் மகளை மணப்பது முறை எனக் கொள்ளும் சமூகத்தில், மருமகன் ஒருவன் அவள் எங்கே என்று வினவுவதும், மாமி மழுப்புவதும், அவன் விடாமல் துளைப்பதுமாக அப்பாடல் ஒரு சிறு நாடகம்போல் நகர்கிறது. இங்கே சிரிப்பு தனியான ஒரு வேடிக்கை வரியிலிருந்து எழவில்லை; உறவுமுறை தரும் உரிமைக்கும் தாய் காக்கும் மானத்துக்கும் இடையிலுள்ள இழுபறியிலிருந்து எழுகிறது. எளிய சுரங்களில் எவரும் உடன்பாடக்கூடிய மெட்டும், முற்றத்தில் நின்று பேசும் யாழ்ப்பாணத் தமிழும் அந்த இழுபறியை மேலும் கூர்மையாக்குகின்றன. பல பத்தாண்டுகள் கடந்தும் இப்பாடல் பழையதாகாமல் இருப்பதற்கு இந்த நுட்பமே காரணம்.

இவ்விசையின் தாளத்துக்கு வேறொரு மூலமும் உண்டு. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இலங்கையில் வாழ்ந்த ஆப்பிரிக்க வழியினரிடமும் பறங்கியரிடமும் நிலைத்த ஆடற்பாடல்களிலிருந்து ‘பைலா’ உருவானது. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லே அதன் பெயருக்கு அடி. துள்ளும் ஆறெட்டுத் தாளமுடைய இவ்வடிவத்தைச் சிங்கள மக்களிடையே பரப்பியவர்களுள் வோலி பஸ்தியன் குறிப்பிடத்தக்கவர். இத்தாளத்தைத் தமிழ்க் கேட்போரிடம் பெருமளவில் கொண்டு சேர்த்தவர் ‘சிலோன் மனோகர்’ என அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரன். அவர் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’, காதலிக்குப் பூவோ பொன்னோ தராமல் மீன் கொண்டுவருபவனின் பாடல். மீனைக் குறிக்கும் ‘மாளு’ என்னும் சிங்களச் சொல்லைத் தமிழோடு தயக்கமின்றிக் கலந்து பாடும் துணிவும் அந்தப் பரிசின் எளிமையும் ஒன்றுசேர்ந்தே அதன் கவர்ச்சியாகின்றன.

‘சுராங்கனி’ கடல் கடந்தபோது மலேசியாவுக்கும் அதில் பங்கு கிடைத்தது. 1977இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் இப்பாடல் இடம்பெற்றபோது அதைப் பாடியவர், மலேசியாவில் பிறந்து சென்னைக்குச் சென்ற மலேசியா வாசுதேவன். இலங்கையின் மெட்டும் மலேசியாவின் குரலும் தமிழ்நாட்டுத் திரையில் சந்தித்த இந்நிகழ்வு, தமிழ் வெகுமக்கள் இசையின் வரலாற்றில் இதுவரை பெற்றதைவிட மிகுந்த கவனத்துக்கு உரியது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்விசை அந்நியமாகத் தோன்றாததற்கு மக்கட் பரவலும் காரணம். ஆங்கிலேயர் காலத்தில் இரயில்வே எழுத்தர்களாகவும் நிலைய அலுவலர்களாகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வேரூன்றினர்; ஸ்காட் சாலையிலுள்ள கந்தசுவாமி கோயில் அவர்களது சமூக வாழ்வின் மையம். பால்மரத் தோட்டங்களில் உழைத்தோரோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நித்தி கனகரத்தினத்தின் மற்றொரு புகழ்பெற்ற பாடல் கள்ளுக்கடையின் பக்கம் போகாதே என எச்சரிப்பது. அந்த எச்சரிக்கையின் பொருள் கிள்ளான் தோட்டப்புறத்துக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. 1941இல் இவ்வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின்போது, கூலி உயர்வோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவதும் தொழிலாளரின் கோரிக்கையாக இருந்தது. அதை வழிநடத்திய ஆர். எச். நாதனை அரசு கைது செய்து நாடுகடத்தியது. போராட்டத்தை அடக்கப் படையும் வரவழைக்கப்பட்டது. கோரிக்கையாக எழுந்து குருதியில் அடக்கப்பட்ட ஒன்றைப் பிற்காலத்தில் ஒரு பாடகர் கித்தாருடன் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது என்றால், அச்சிரிப்பை இலேசானதென்று தள்ளிவிட இயலாது.

மலேசியத் தமிழரின் சொந்த ஆக்கங்களில் இம்மரபு வேறு திசையில் திரும்பியது. 1998இல் ‘பொயட்டிக் அம்மோ’ குழு தன் முதல் தொகுப்பில் பல மொழிகளைக் கலந்து ராப் இசைத்தது; ராப் என்பது மெட்டைவிடத் தாளத்துக்கேற்ற விரைவான சொல்லடுக்கை நம்பும் வடிவம். அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, ‘நட்சத்திரா’ என்ற பெயரில் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் இணைந்து 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, தமிழ்நாட்டிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. ‘நிழல்கள்’ படத்துக்காக 1980இல் இளையராஜா அமைத்த மெட்டொன்றை எடுத்து, அதன்மேல் நகர்ப்புற மலேசியத் தமிழை அது ஏற்றியது. இங்கே பாடுவோர் கேட்பவரிடம் சிரிப்பை முன்பணமாகக் கேட்பதில்லை; தம் பேச்சுநடையிலேயே பெருமிதத்தையும் வெகுளியையும் வெளியிடுகின்றனர். மாமியின் வாசலில் நின்ற மருமகன் வேடிக்கை காட்டிப் பெற்ற, பேச்சுத்தமிழில் பாடும் உரிமை, கோலாலம்பூர் இளைஞர்களிடம் வந்தபோது கேட்டுப் பெறவேண்டியதாகவே இருக்கவில்லை.