செறிவுக் கணக்கீடு: அரியலூர், பெரம்பலூர்

கரைசலில் கரைந்திருக்கும் பொருளின் அளவை எண்ணால் சொல்வது செறிவுக் கணக்கீடு. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இது சுண்ணாம்புக்கல்லோடும் கிணற்று நீரோடும் பிணைந்தது. 1995 வரை இவ்விரு மாவட்டங்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதிகளாக இருந்தமையால் பழைய பதிவுகளை அப்பெயரில் தேட வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லைக் கொண்ட இங்குள்ள கடற்படிவுப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தொகுதிகளாகப் பிரித்து எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் விவரித்தார். செறிவை அளக்க உதவும் தரம் பார்த்தல் முறை, அதாவது ஒரு கரைசலை அளவறிந்த மற்றொன்றோடு வினைபுரியச் செய்து அளக்கும் முறை, அதற்கு முன்பே ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டின் முன்னோடி வேதியியலாளர் தெகுருவாசீலின் கருவி என்பர். வேதியியலாளர் கே-லுசாக்கை முதன்மைப்படுத்துவோரும் உண்டு. சம கன அளவில் ஒன்றோடொன்று முழுமையாக வினைபுரியும்படி செறிவை வரையறுத்த நார்மல் கரைசலைப் பரவலாக்கியது 1855-இல் வெளிவந்த வேதியியலாளர் மோரின் நூல்.

அண்டையிலுள்ள டால்மியாபுரத்தில் 1939-இலும், அரியலூரில் அரசு ஆலையாக 1979-இலும் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது. அரைத்த மூலக்கலவையில் கார்பனேட் குறைந்தால் சிமெண்டின் வலு குறையும். மிகுந்தால் சேராமல் நின்ற சுண்ணாம்பு பின்னாளில் உப்பி விரிசலிடும். ஆகவே ஆலை ஆய்வகத்துக்கு இக்கணக்கு அன்றாடத் தேவை. எடுத்துக்காட்டாக, 1 கிராம் தூளில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி. விட்டுக் கொதிக்க வைப்பர். நுரைத்துக் கரைந்தபின், எஞ்சிய அமிலத்தை அதே நார்மாலிட்டியுள்ள சோடியம் ஹைட்ராக்சைடால் அளப்பர். நிறங்காட்டி பினாப்தலீன். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு இருக்கும். குலுக்கக் குலுக்க மறைந்த இளஞ்சிவப்பு ஒரு சொட்டில் மறையாமல் நிற்கும்; அந்தச் சொட்டைத் தவறவிடாத கைப்பழக்கமே இம்முறையின் உயிர். காரம் 9.4 மி.லி. செலவானால் தூளோடு வினைபுரிந்த அமிலம் 15.6 மி.லி.; 1 மி.லி. அமிலம் 50 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்பதால், அதை 50-ஆல் பெருக்கினால் 780 மி.கி., அதாவது 78 விழுக்காடு கால்சியம் கார்பனேட்.

இது மொத்தக் கார்பனேட்டின் அளவே. மெக்னீசியம் கார்பனேட்டும் இதில் கலந்திருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய உலோக அயனிகளைப் பிணைக்கும் இ.டி.டி.ஏ. என்னும் சேர்மத்தைக் கொண்டு 1940-களில் வேதியியலாளர் சுவார்சன்பாக் வளர்த்த முறை உதவுகிறது.

கிணற்று நீரின் கடினத்தன்மைக்கும் இ.டி.டி.ஏ.தான். 0.01 மோலார் கரைசல் 1 மி.லி. செலவானால் 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 200 மி.கி. கடினத்தன்மையை ஏற்கத்தக்கதாகவும், மாற்று நீர் இல்லாத இடத்தில் 600 மி.கி. வரை அனுமதிக்கத்தக்கதாகவும் கொள்கிறது.

இத்தரம் பார்த்தலோடு, தனிமங்களின் அளவைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவிகளும் சிமெண்ட் ஆய்வகங்களில் புகுந்துள்ளன.