செய்வித்தவர் பெயர் மட்டும் பாறையில்

போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பத்திலிருந்து ஒரு வேன். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், மதியச் சாப்பாடும் சேர்த்து. 'பழங்கால மனிதர்கள் வாழ்ந்த குகைகளும் சமணர் பாறைகளும் - ஒருநாள் வரலாற்றுப் பயணம்' என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், பேங்க்கில் வேலை பார்ப்பவர்கள், சென்னையிலிருந்து சொந்த ஊர் பார்க்க வந்த குடும்பம் ஒன்று என்று பதினெட்டுப் பேர். எங்க காலனியிலிருந்து நான் ஒருத்தன்தான். "ஐநூறு ரூவா குடுத்து பாறையப் பாக்கப் போறியா? நாங்க பாக்காத பாறையா?" என்று எங்கம்மா கேட்டாள். அந்தக் கேள்வி எவ்வளவு சரி என்பது சாயங்காலம்தான் எனக்கு விளங்கியது.

முதலில் உத்தமபாளையம். ஊரையொட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நிற்கும் பார்சுவநாதரை எளிதாக அடையாளம் காணலாம். சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மதுரை வட்டாரச் சமண மலைகளில் திரும்பத் திரும்ப வரும் அச்சணந்தி என்ற துறவியின் பெயர் இங்கும் உண்டு. அந்த நாளில் இந்த இடத்துக்குத் திருக்குணகிரி என்று பெயர். இன்றைக்கு ஊர்ச்சனம் கருப்பணசாமி பாறை என்கிறது. சமணரின் பாறையடியில் கருப்பணசாமி வந்து உட்கார்ந்துகொண்டார்.

வழிகாட்டியாக வந்தவர் நன்றாகத்தான் பேசினார். எழுத்துகளை விரலால் தொடாமல் காற்றிலேயே எழுதிக் காட்டினார். யார் யார் இந்தச் சிற்பங்களைச் செய்வித்தார்கள் என்று பட்டியல் சொன்னார். நான், "உளி பிடிச்சுச் செதுக்குனது யாருங்க?" என்று கேட்டேன். "அது கல்வெட்டுல வராது சார்" என்றார்.

அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. அந்த உண்மையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மதுரைக்குப் பக்கம் மாங்குளம் மலையில் தமிழகத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் சில இருக்கின்றன. 1882-ல் ராபர்ட் சிவெல் அவற்றைப் பார்த்தார். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து. நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி என்பவன், கணிநந்தன் என்ற துறவிக்காகப் பாறையில் பள்ளி 'கொட்டுபித்த' செய்தியை அது சொல்கிறது. கொட்டுவித்தல் என்றால் உளியால் கொத்தச் செய்தல். அதாவது பிறரை வைத்துச் செய்வது. ஆயிரம் வருஷம் கழித்துச் சமணச் சிற்பங்களின் அடியிலும் 'செய்வித்த திருமேனி' என்ற வாசகமே வருகிறது. அரசு மாறிவிட்டது, எழுத்து மாறிவிட்டது. அந்தப் பிறவினை மட்டும் மாறவில்லை. செய்வித்தவனுக்குப் பெயர் உண்டு. செய்தவன் அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறான்.

அழகர்மலைக் குகையில் கொடையாளிகளாக உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், கொழு வணிகன் எல்லாரும் வருகிறார்கள். உப்பு விற்றவன் பெயர் இருக்கிறது. உப்பளத்தில் வெந்தவன் பெயர் இல்லை. கொழு விற்றவன் இருக்கிறான். அதைப் பூட்டி உழுதவன் இல்லை.

சாமானியனின் பெயர் கல்லில் ஏறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில், 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துடைய நடுகற்கள் என்று அறியப்பட்டவை. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், செத்துப்போன தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. அரசனுமில்லை, துறவியுமில்லை. பெயர் வந்துவிட்டது. ஆனால் அதற்கு அவன் சாக வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேன் கிழக்கே மேகமலைத் தொடரின் அடிவாரத்துக்குப் போனது. அதற்கு மேல் நடை. வழி காட்ட ஒரு பெரியவர் முன்னால் போனார். பளியர். எழுபது வயதிருக்கும். பயணத்தார் அவரை யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. தண்ணிக்கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஏறினார். 'வழிகாட்டி' என்ற பெயர் மைக் பிடித்தவருக்கு. வழி காட்டியவர் இவர்.

ஒரு மணி நேரம் ஏறியதும் மலைச் சரிவில் பாறை முன்னால் நீண்டு கூரைபோலக் கவிந்திருந்தது. எங்க பக்கத்தில் இதைப் புடவு என்போம். உள்ளே இருபது பேர் தாராளமாக உட்காரலாம். வழிகாட்டி மேல்பாறையைக் காட்டி, "பாருங்க, கரி படிஞ்சிருக்கு. ஆதி மனுசன் நெருப்பு மூட்டி வாழ்ந்த இடம். அந்த மக்கள் மறைஞ்சு போயிட்டாங்க. கரி மட்டும் மிச்சம்" என்றார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

பெரியவர் ஓரமாகக் குந்தியிருந்தார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்கய்யா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. அது எங்க ஆத்தா வள்ளிக்கெழங்கு அவிச்ச கரி."

"இங்கயா இருந்தீங்க?"

"இங்கதான் பொறந்தேன். அந்தா அந்த மரத்தடியிலதான் எந்தொப்புள்கொடியப் பொதச்சாக. மழ பெஞ்சா இங்க. வெயில்காலம் தேனெடுக்க மேல. பெறகு கீழ எறங்கச் சொன்னாக, எறங்கிட்டோம்."

இது இவர் ஒருத்தர் கதையல்ல. 1906-ல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, பளியர்கள் புல் குடிசையிலும் மரத்தின் மேல் பரணிலும் குகையிலும் பாறையடியிலும் வாழ்வதாக எழுதியிருக்கிறார். 1960-களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தார். அடுத்தவரை அதிகாரம் பண்ணாத, சண்டை வந்தால் விலகிப் போகிற சமூகம் என்று எழுதினார். காட்டுக்கும் சமவெளிக்கும் மாறி மாறிப் போய்வரும் அவர்கள் வாழ்க்கையைப் பற்றி 2000-ல் தனிநூலே போட்டார். இவ்வளவும் அச்சில் இருக்கும்போது, 'மறைஞ்சு போயிட்டாங்க' என்று மைக்கில் சொல்ல முடிகிறது. அதுவும் அந்த மக்களில் ஒருவர் தண்ணிக்கேனோடு பக்கத்தில் குந்தியிருக்கும்போதே.

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மேசா வெர்தே என்று ஒரு இடம். செங்குத்துப் பாறையின் மடிப்புக்குள் அடுக்கடுக்காகக் கல் வீடுகள். 1200-களில் அங்கே ஜனம் நிறைந்திருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் வறட்சி வந்தது. 1300-க்குள் மக்கள் தெற்கே போய்விட்டார்கள். 1888-ல் மாடு மேய்த்த வெள்ளையர் இருவர் அதைப் பார்த்து, 'கண்டுபிடித்தோம்' என்றார்கள். அந்த மண்ணிலிருந்த யூட் பழங்குடிகளுக்கு அது முன்பே தெரியும். 1891-ல் நோர்டன்ஷோல்ட் என்ற சுவீடன்காரர் அங்கே தோண்டி, மனித எலும்புகள் உட்படப் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1906-ல் தேசியப் பூங்கா. வழிகாட்டிகள் ரொம்ப காலம் சொன்ன கதை, 'மர்மமாக மறைந்த மக்கள்' என்பதுதான். ஹோப்பி, சூனி முதலான புவெப்ளோ மக்கள், "நாங்கள் மறையவில்லை, அவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் 2020-ல் பின்லாந்து அருங்காட்சியகத்திலிருந்து தங்கள் மூதாதையர் எலும்புகளை வாங்கி வந்து அதே மண்ணில் புதைத்தார்கள். நூற்றிருபத்தொன்பது வருஷம்.

'பழங்காலம்' என்று ஒரு இடத்துக்குப் பலகை மாட்டுவது சாதாரணக் காரியமல்ல. பழங்காலம் என்றால் இன்றைக்கு ஆள் இல்லை என்று பொருள். ஆள் இல்லையென்றால் உரிமை கேட்க ஒருத்தரும் இல்லை. 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்து காடுகள் காப்புக்காடுகள் ஆயின. மலையின் வேறு பகுதிகள் தேயிலைக்கும் ஏலத்துக்கும் எஸ்டேட்டுகளாகப் போயின. 2009-ல் மேகமலை வனவிலங்குச் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். ஒவ்வொரு தடவையும் பளியர் ஒரு படி கீழே இறங்கினார்கள்.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து காட்டையே நம்பியிருக்கும் பழங்குடிகளுக்கு நிலத்திலும் தேன், கிழங்கு போன்ற சிறு வனப்பொருள்களிலும் உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். ஆதாரத்துக்குக் காகிதம் மட்டும்தான் செல்லும் என்று அது சொல்லவில்லை. குடிசை இருந்த தடம், கிணறு, புதைகாடு, சாமி கும்பிடும் இடம், பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம் இவையெல்லாம் ஆதாரம் என்று 2008-ல் வந்த விதிகள் பட்டியல் போடுகின்றன.

பெரியவரிடம் கேட்டேன். "மனு குடுத்தோம் சாமி. ஆதாரம் கேட்டாக. நாங்க எங்க போக காகிதத்துக்கு?" என்றார்.

அவருக்கு மேலே, பாறையில், அவருடைய ஆதாரம் கறுப்பாகப் படிந்திருந்தது. கீழே பதினெட்டுப் பேர் அதை ஆதி மனிதனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை எழுதியது அடுத்தவர்களைப் பற்றி. இனி நம்மைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். பிறகு 'தமிழன்' இதழில் நம் மக்களைப் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதினார். அதைப் படித்த எவரும் சமண, பௌத்தக் கல்லைப் பார்த்தால் நெஞ்சு நிமிர்வார்கள். உத்தமபாளையத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோயிலுக்குள் விடாதவனுடைய வரலாற்றுக்கு முந்திய வரலாறு நம்மிடம் இருக்கிறது என்ற நிமிர்வு. அது வேண்டும். ஆனால் இந்தக் குகைகளை நமதென்று சொல்லக் கிளம்பும்போது, யார் தோளை மிதித்து ஏறுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். மாங்குளம் கல்வெட்டில் பள்ளியைக் குறிக்கும் 'பளி' என்ற சொல்லையும் பளியர் என்ற பெயரையும் முடிச்சுப்போட்டுப் புதுக்கதை கட்டவும் எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. சத்தம் ஒத்துப்போவது சான்றாகாது. அவர்களுக்கு நாம் கட்டும் பெயர்க்காரணம் தேவையில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்கும் காதுதான் தேவை.

ஜீப் ஓடாத காலத்தில் எங்கம்மா கம்பமெட்டு ஏறி ஏலக்காட்டுக்கு நடந்தே போனவள். வழியில் மழை பிடித்தால் புடவில் ஒதுங்குவார்கள். அங்கே பளியர் குடும்பம் இருக்கும். இடம் விடுவார்கள், தேனடை நீட்டுவார்கள். "நாங்க வாங்க மாட்டோம்" என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள், ஏதோ பெருமை போல. டீக்கடையில் சிரட்டையில் டீ குடித்தவர்கள், புடவுக்காரி கையில் தேன் வாங்கவில்லை. எங்க தெருவில் அழுக்காக இருக்கிற பிள்ளையை 'பளிச்சி மாதிரி இருக்கா' என்று திட்டுவது இன்றைக்கும் காதில் விழுகிறது. நமக்குக் கீழே ஒரு படி வேண்டியிருந்தது. நாமும் ஒன்று செய்துகொண்டோம்.

அந்தப் பெரியவர் என்னைச் 'சாமி' என்றது நாள் முழுக்க உறுத்தியது. எங்கப்பா பண்ணைக்காரரைக் கூப்பிட்ட அதே சாமி. இறங்கும்போது, "அய்யா, என்னையச் சாமின்னு கூப்பிடாதீங்க, நான் காலனி ஆளு" என்றேன். நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கீழ இருந்து வாறவுக எல்லாருமே எங்களுக்குச் சாமிதான். கூப்பிடாட்டி கோவிச்சுக்குவாக" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. தண்ணிக்கேனை வாங்கிக்கொண்டேன். காலியாகத்தான் இருந்தது.

மறுவாரம் ஒரு நோட்டும் வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருக்கும் எங்க தெருப் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவரும் அவர் தங்கச்சியும் சொல்லச் சொல்ல எழுதினோம். எந்தப் புடவில் யார் பிறந்தார்கள், எங்கே புதைத்தார்கள், பளிச்சியம்மனுக்கு எந்தக் கல்லடியில் பொங்கல் வைத்தார்கள் என்று பதினொரு பக்கம் வந்தது. கடைசியில் கைநாட்டு. கிளம்பும்போது அந்த அம்மா தேன் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கம்மா கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

மனு உள்ளே போயிருக்கிறது. இந்தக் காகிதத்தில் சொன்னவர்களுக்குப் பெயர் இருக்கிறது.