நெதர்லாந்தில் பி.எச்டி.: காசு கட்டணுமா, சம்பளம் கிடைக்குமா?

வெளிநாட்டில் முனைவர் பட்டம் என்றதும் பேராக்கில் பல குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு காசு கட்டணும்?" என்பதுதான். பட்டப்படிப்புக்கு வாங்கிய பிடிபிடிஎன் கடனே தீராத வீட்டில் அது நியாயமான கேள்வி. ஆனால் நெதர்லாந்தில் அறிவியல் துறைகளில் முனைவர் ஆய்வு என்பது பெரும்பாலும் ஒரு வேலை. கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு.

என்ஸ்கெடே நகரிலுள்ள டுவென்டே பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். 1961இல் தொடங்கப்பட்டது. ஈப்போவுக்கு ஈயம் எப்படியோ, என்ஸ்கெடேவுக்கு அப்படி நெசவாலைகள். இரண்டும் ஓய்ந்துபோன தொழில்கள். நானோ தொழில்நுட்பம், இயற்பியல், மருத்துவப் பொறியியல், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்வது எனப் பல துறைகளில் அங்கே ஆய்வு நடக்கிறது. நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு: ரப்பர். டயருக்கான ரப்பர் கலவைகளை ஆராயும் தனிக் குழுவே இருக்கிறது. 1877இல் கோல கங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட மாநிலம் இது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ரப்பரின் வேதியியலைப் படிக்கப் போவதில் என்ன வியப்பு?

சம்பளம் எவ்வளவு?

பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தப்படி, தொடக்கத்தில் வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 3,000 யூரோ. ஆண்டுதோறும் கூடும். விடுமுறைப் படி 8 விழுக்காடு, ஆண்டிறுதிப் படி 8.3 விழுக்காடு தனி. வழக்கமாக நான்கு ஆண்டு வேலை. ஆனால் முதல் ஒப்பந்தம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குத்தான். மதிப்பீட்டில் தேறினால் நீட்டிப்பார்கள். வரி, மருத்துவக் காப்புறுதி, அறை வாடகை போக மிஞ்சுவதைக் கணக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம்னு யோசிங்க.

யார் விண்ணப்பிக்கலாம்?

பொதுவாக முதுகலைப் பட்டம் வேண்டும். சிக்கலே இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே முதுகலைக் கட்டணம் ஆண்டுக்குப் பல்லாயிரம் யூரோ. அந்தப் படிப்பை இங்கேயே, கம்பார் உத்தார், ஸ்ரீ இஸ்கந்தார் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் அல்லது பினாங்கு யுஎஸ்எம்மில் ஆய்வு முறையில் முடிப்பதே கைக்கு அடக்கம். அந்த ஆய்வேடுதான் பிறகு உங்களுக்காகப் பேசும்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் போல ஆண்டுக்கொரு சேர்க்கை கிடையாது. ஒரு பேராசிரியரின் திட்டத்துக்கு நிதி கிடைத்ததும் ஒன்றிரண்டு இடங்களை அறிவிப்பார்கள். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்திலும், 'அகாடமிக் டிரான்ஸ்ஃபர்' இணையத்தளத்திலும் அவை வரும். "சின்ன வயசிலேர்ந்தே அறிவியல்னா ஆசை" என்று எழுதும் கடிதம் எடுபடாது. அந்தத் திட்டத்தில் எந்தச் சோதனையை உங்களால் செய்ய முடியும், முதுகலையில் அதற்கு நெருக்கமாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். உலகம் முழுவதிலுமிருந்து விண்ணப்பம் வரும். பலமுறை நிராகரிக்கப்படுவது சகஜம்.

இந்த வேலைகளுக்கு ஏஜெண்ட் தேவையில்லை. இடம் வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தேர்வான பிறகு, குடிநுழைவு அனுமதிக்குப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கும்.

உபகாரச் சம்பளத்தோடு போகும் வழியும் உண்டு. ஆனால் அப்படிப் போகிறவர் ஊழியர் அல்லர். ஓய்வூதியம், ஆண்டிறுதிப் படி போன்றவை சேராது. கையெழுத்துப் போடுவதற்கு முன், ஊழியரா மாணவரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே வாடகை அறை கிடைப்பதும் சிரமம். அதனால் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே தங்குமிடம் பற்றிப் பல்கலைக்கழகத்திடம் பேசிவிடுங்கள்.